சார்ஜரில் கிடந்த பத்து போன்கள்

உங்கள் முன்னால் வந்து பேசும்படி ஜமால் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை. ஐந்து பேருக்கு மேல் இருக்கும் அறையில் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் எழுதித் தருகிறேன்.

நீங்கள் கைபேசி விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் அந்த வேலையைச் சில ஆண்டுகள் செய்தேன். இனிப்பு நீர் நோய் கண்ணைப் பிடித்த பிறகு விட்டுவிட்டேன். எப்படிச் சோதிப்பது என்பதை ஜமால் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். நான் எழுதுவது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. அதில் ஜமாலும் இருக்கிறார். அவர் முதலில் படித்துவிட்டு உங்களிடம் கொடுக்கட்டும்.

தவறு பினாங்கில், பிறைத் தொழிற்பேட்டையில் தொடங்கியது. ஐந்தாம் படிவம் முடித்ததும் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பச்சைப் பலகைகள் பெல்ட்டில் வரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்த முதல் வருடம், ஒரு பலகையில் மெல்லிய கோடு ஒன்றைப் பார்த்தேன். லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பாதி ஷிப்டு முழுக்க எல்லாப் பலகைகளையும் எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். எதிலும் கோடு இல்லை. என் பூதக்கண்ணாடியில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது.

"ரெண்டு தடவ பாத்துட்டு வாயத் தொறம்மா," என்றார் சூப்பர்வைசர். "ஒரு தடவ பாத்தத ஊருக்கெல்லாம் சொல்லாத."

பல மாதங்களுக்குக் கேன்டீனில் என்னைக் கண்டால், "வழி விடுங்க லா, முடியக்கா வர்றாங்க" என்பார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயதுதான். அக்கா என்று சொன்னதும் கேலிதான்.

அதற்குப் பிறகு அங்கே வேலை செய்த இருபத்தோரு வருடத்தில் நான் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. சந்தேகம் வந்தால் பலகையைத் தனியாக எடுத்து வைத்து மறுபடி பார்ப்பேன். மறுபடி தெரியவில்லை என்றால் அனுப்பிவிடுவேன். நல்ல தொழிலாளி என்று எனக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும், ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய விளையாட்டு நிறுவனம் சோதனைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பழைய கடைவீட்டின் மாடி. மொத்தம் எட்டுப் பேர். அதை நடத்தியவர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். பாகான் டாலாமில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளிப் பிறந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. விளையாட்டின் கதையை எழுதுவதும் அவர்தான். பெயரைச் சொன்னால் அவர் விரும்பமாட்டார். தலைவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழைப் பார்க்கவில்லை அவர். ஒரு போனைக் கொடுத்தார். திரையில் மழை பெய்யும் ஒரு தெரு, ஓரமாகக் கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதை.

"இதுல என்ன தப்புன்னு சொல்லுங்கக்கா."

ரொம்ப நேரம் பார்த்தேன். "மழ சாஞ்சு பெய்யுது. அஞ்சடிக்குள்ள மட்டும் நேரா சொட்டுதும்மா."

அவர் திரும்பி மூலையில் இருந்த ஜமாலைப் பார்த்தார். ஜமால்தான் நிரல் எழுதுபவர். "கேட்டுச்சா தம்பி? ரெண்டு மாசமா நம்ம யாரு கண்ணுலயும் படல."

"நாளைக்கே வரச் சொல்லுங்க," என்றார் ஜமால். "நான் லீவு போட்டுக்கிறேன்."

அந்த விளையாட்டின் பெயர் மழைக்கரை. நீங்கள் ஆடியிருக்க மாட்டீர்கள், இப்போது அது எங்கும் கிடைக்காது. கடல் நீர் ஏறிய ஒரு பழைய ஊர். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் அஞ்சடி வழியாக நடந்துபோகிறாள். அவளுடைய அப்பா ஏதோ ஒரு வீட்டின் மாடியில் படுத்திருக்கிறார், எந்த வீடு என்று தெரியாது. வரைபடம் கிடையாது. கதவுகளில் காது வைத்துக் கேட்க வேண்டும். சில வீடுகளில் வானொலி, சில வீடுகளில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை. ஒரு வீட்டில் இருமல். அந்த இருமலைத் தேடித்தான் மூன்று மணி நேரமும் போகும்.

கடைசிக் காட்சியில் செய்வதற்கு எதுவும் இல்லை. அப்பா கேன்வாஸ் கட்டிலில் கிடக்கிறார். பெண் பக்கத்தில் உட்காருகிறாள். ஆறு நிமிடம். நீங்கள் திரையைத் தொட்டால் அவள் எழுந்துவிடுவாள். தொடாமல் இருந்தால் அவருடைய மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, நின்றுவிடும். பிறகு இரண்டே சொற்கள் வரும்: "நீ இருந்தாய்."

இடையில் எழுந்தாலோ, விளையாட்டை விட்டு வெளியேறினாலோ, வேறு வரி வரும்: "நீ போன பிறகு அவர் கொஞ்ச நேரம் இருந்தார்." அதற்குப் பிறகு அந்த அறைக்குள் திரும்பப் போக முடியாது. அதைத் தெரிந்தே அப்படி வைத்திருந்தார் தலைவி.

ஏன் என்று ஒரு நாள் அவரே சொன்னார். அவருடைய அப்பா மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்தார். ஒன்பது நாளும் இவர் பக்கத்தில்தான் இருந்தார். பத்தாம் நாள் காலையில் கீழே போய்ப் பால் ஊற்றாத ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

"ஒன்பது நாள் கணக்குல வரலக்கா," என்றார். "யாராச்சும் ஒருத்தர் முழுசா உக்காந்து, இருந்தேன்னு பேர் வாங்கட்டும். அதுக்குத்தான் இந்த கேமு. மத்ததெல்லாம் அந்த ரூமுக்குப் போற வழி."

எங்கள் சோதனை மேசையில் பத்துப் போன்கள் வரிசையாகக் கிடக்கும். எப்போதும் சார்ஜரில். நாள் முழுக்க ஓடும் போன்கள், கழற்றினால் மதியத்துக்குள் செத்துவிடும். அடிக்கடி திரை அணைந்து தொல்லை கொடுக்கும் என்பதால், சார்ஜரில் இருக்கும்வரை திரை அணையவே கூடாது என்று ஒவ்வொரு போனிலும் அமைத்து வைத்திருந்தோம். நான்தான் அமைத்தேன். உங்கள் மேசையிலும் அப்படித்தான் இருக்கும். இப்போது திரும்பிப் பாருங்கள்.

வெளியிடுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வேலை முடிந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரியில் போய்க்கொண்டிருந்தேன். என் சொந்தப் போனிலும் மழைக்கரையை ஏற்றி வைத்திருந்தேன். கடைசிக் காட்சி வந்தது. போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. விரலால் தொட்டேன். கட்டில் காலியாக இருந்தது. "நீ போன பிறகு அவர் கொஞ்ச நேரம் இருந்தார்."

நான் எங்கும் போகவில்லை. பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மலாயில் கப்பல் வாந்தியா என்று கேட்டார். தலையாட்டினேன்.

மறுநாள் பிழைப் பட்டியலில் எழுதினேன். பிறகு மேசையில், நேராக அந்தக் காட்சிக்கே போகும் சோதனைப் பதிப்பில், பதினொரு முறை அதை ஓட்டினேன். பதினொரு முறையும் ஆறு நிமிடம் முழுதாக ஓடியது. பதினொரு முறையும் "நீ இருந்தாய்". ஜமால் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் சரியாக இருந்தது.

"உங்க போனு எந்த வருசத்துதுக்கா?"

சொன்னேன்.

"அது போன் இல்லக்கா, மியூசியம்," என்றார். "கை பட்டிருக்கும். இல்லன்னா மெமரி பத்தல. மறுபடி வந்தா சொல்லுங்க."

ஜமால் மேல் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது அன்றைக்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த நிறுவனத்தில் ஒரு முறை இருந்தது: பிழையை யார் எழுதினாரோ அவர்தான் மூட வேண்டும். வேறு யாரும் மூடக்கூடாது. மாலைவரை அதைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு "மீண்டும் வரவில்லை" என்று எழுதி, என் கையால் மூடினேன். திரும்ப ஃபெர்ரியில் ஆடிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசை. தோன்றியது. மறுபடி வந்துவிட்டால் மறுபடி போய்ச் சொல்ல வேண்டுமே என்று பயமாக இருந்தது.

அனுப்பும் நாளன்று தலைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்பார். என்னிடம் கடைசியாக வந்தார். ஜமால் பின்னால் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருட வேலை, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மனசுல ஏதாச்சும் உறுத்துதாக்கா? ஆதாரம் வேணாம். சும்மா தோணுனாகூடச் சொல்லுங்க. ஒரு வாரம் தள்ளி வச்சா ஒன்னும் குடி முழுகாது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறையில் அந்தக் கேன்டீன் கண்ணில் தெரிந்தது.

"இல்லம்மா," என்றேன்.

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

என் தோளைத் தட்டிவிட்டு எழுந்து போய் வெளியிடும் பொத்தானை அழுத்தினார்.

முதல் இரண்டு நாள் எல்லோரும் மழையையும் இருமலையும் புகழ்ந்தார்கள். மூன்று மணி நேரம் ஆட வேண்டிய விளையாட்டு, அதனால் முடிவை எட்டியவர்கள் மூன்றாம் நாள்தான் எழுதத் தொடங்கினார்கள். "உட்காரச் சொல்லிவிட்டு ஏன் திட்டுகிறீர்கள்?" "இது என்ன குரூரம்?" ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, எதுவுமே எழுதாமல் விட்டிருந்தார். தலைவி முதலில் அதை ஒரு விதத்தில் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பாதியில் எழுந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்றார். நான் என் நாற்காலியில் சும்மா இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழில் இருந்தது. தலைவி அதைச் சத்தமாகப் படித்தார்.

"நான் நிபோங் திபாலில் டயர் கடை வைத்திருக்கிறேன். விளையாட்டெல்லாம் ஆடுகிறவன் இல்லை. மகள் காட்டினாள். கடைசியில் அந்தப் பெரியவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துதான் இருந்தேன். திரை கறுத்தபோது, வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள் போல என்று நினைத்து இருட்டிலும் உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்து போகவில்லை. உங்கள் கணக்கில் நான் போனதாக இருந்தால், போகவில்லை என்று எங்காவது எழுதி வையுங்கள்."

அவர் படித்து முடித்தார்.

நான் எழுந்தேன். மேசையில் ஒரு போனை எடுத்து, சார்ஜர் வயரைப் பிடுங்கினேன். கடைசிக் காட்சியைத் திறந்து, தலைவியின் முன்னால் வைத்தேன். ஏன் அதைச் செய்தேன் என்றால், ஃபெர்ரியில் வயர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரை மங்கியது. பிறகு அணைந்தது. அவர் விரலால் தொட்டார். காலிக் கட்டில். அவரே எழுதிய அந்த வரி.

விளையாட்டில் மற்ற எல்லா இடத்திலும் விரல் பட்டுக்கொண்டே இருக்கும், அதனால் திரை அணையாது. இந்த ஒரு காட்சியில் மட்டும் தொடக்கூடாது. தொடாததால் போன் தானாகத் தூங்கிவிடுகிறது. போன் தூங்கியதை விளையாட்டு, ஆள் வெளியேறியதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையாகவே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும், நீ போய்விட்டாய் என்று சொல்லியிருக்கிறோம். கை துறுதுறுவென்று இருந்தவர்களுக்கும் அதே வரிதான். "நீ இருந்தாய்" என்ற சொற்களை, விளையாட்டை வாங்கியவர்களில் அநேகமாக யாரும் பார்க்கவில்லை. எங்கள் மேசை மட்டும்தான் பார்த்தது.

தலைவி அந்தக் காட்சியை ஒரு முறையும் முழுதாக ஆடியதில்லை. அவரால் முடியாது. அதைப் பார்ப்பதற்கு என்னை வைத்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஒரு தடவ பாத்தேம்மா."

"எப்ப?"

"அனுப்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ஃபெர்ரில."

ஜமால் எழுந்து வந்தார். "என்கிட்ட சொன்னாங்க. நான்தான் போனு பழசுன்னு—"

"நான் கேட்டேனேக்கா," என்றார் தலைவி. ஜமால் பக்கம் அவர் திரும்பவில்லை. "உங்ககிட்ட உக்காந்து கேட்டேனே."

அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி. திட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது என்று சில நேரம் நினைப்பேன்.

சரிசெய்ய ஒரு வரி போதுமாக இருந்தது. ஜமால் அன்று மதியத்துக்குள் முடித்துவிட்டார். ஆனால் அந்த அறைக்குள் திரும்பப் போக முடியாதபடி அல்லவா கட்டியிருந்தோம்? முதலிலிருந்து மூன்று மணி நேரம் நடந்து வரச் சொல்ல வேண்டும். சொன்னோம். பெரும்பாலோர் விளையாட்டையே நீக்கிவிட்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த ஆண்டு மாடியைக் காலி செய்தோம். ஜமால் உங்கள் நிறுவனத்துக்கு வந்தார். தலைவி இப்போது வேறு ஓர் ஊரில், ஏதோ ஒரு செயலியின் பொத்தான்களுக்கு வாசகம் எழுதுகிறார் என்று கேள்வி. "உறுதி செய்", "ரத்து செய்" போன்றவை. கதை எழுதுவதில்லை.

உங்களுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போனைச் சார்ஜரிலிருந்து கழற்றுங்கள். ஆடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து ஆடுகிறார்களோ அங்கே போய் ஆடுங்கள். ஒரு முறை பார்த்ததை, ஒரு முறை பார்த்தேன் என்றே சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அது தலைமுடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இது தெரிந்தால் நீங்கள் என்னைவிட நல்ல சோதனையாளர் ஆகலாம். எனக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு காலையில் பேருந்து ஏறி நிபோங் திபாலுக்குப் போனேன். டயர் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு லாரிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். மழைக்கரையில் வேலை செய்தவள் என்று சொன்னேன்.

"அந்த மழ கேமா?" என்றார். சக்கரத்தைச் சுவரில் சாய்த்தார். "அத செஞ்ச அம்மா பதில் போட்டாங்களே. மெசின் கோளாறு, உங்க மேல தப்பில்லன்னு. மறுபடி ஆடிப் பாக்கச் சொன்னாங்க."

"ஆடுனீங்களாண்ணே?"

"இல்லக்கா." துணியால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "எங்கப்பா எஸ்டேட்ல கெடந்தாரு, சாகறப்போ. நான் பக்கத்துலதான் இருந்தேன். வாடை தாங்கல. எழுந்து வெளிய போய்ட்டேன். நெஜத்துல நான் போனவன்தான்கா. இதுல மட்டும்தான் போகல. இதுவும் போனேன்னு சொல்லிடுச்சு."

கோளாறு என்னுடையது, எனக்கு முன்பே தெரியும் என்று சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். சொல்லாமல், அவர் சாய்த்து வைத்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா சொன்னேன். நீங்க ஏன் மொகத்த அப்படி வச்சுக்கிறீங்க?" என்று சிரித்தார் அவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வெயில்ல வந்திருக்கீங்க. உக்காருங்க, முக்குக் கடையில ஒரு தே வாங்கிட்டு வந்துடறேன். ரெண்டு நிமிசம்."

உட்கார்ந்தேன். அவர் சாலையைக் கடந்து போவதைப் பார்த்தேன். தே கலக்குபவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, இருங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார்.

அவர் இரண்டு குவளைகளோடு திரும்பியபோது அந்த நாற்காலி காலியாக இருந்திருக்கும். நான் பேருந்தில் இருந்தேன்.